கடவுளைத் திட்டிய வருஷம்

எங்கள் மூத்த மகளுக்கு நாலு வயது நடந்தபோது, சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணுகிற பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை. அவள் அப்பா கண்ணை மூடி வாயைத் திறப்பதற்குள் இவள் தொடங்கிவிடுவாள். ஜெபத்தின் நீளம் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரசமும் கீரையும் என்றால் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எல்லாருக்காகவும் வேண்டுதல் நடக்கும். பால்காரர், பால்காரரின் மாடு, சலவைக் கடை, ரயில் இன்ஜின், இன்ஜினுக்குக் கரி போடுகிறவர், அவருடைய வீங்கிய கால், ஒன்றும் விட்டுப்போகாது. மீன் குழம்பு என்றால், "சுவாமி, மீன். ஆமென்." அவ்வளவுதான்.

அவள் எங்களோடு இருந்தது நாலு வருஷமும் சில மாதங்களும். அவள் போன பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அழுகைக் கதை என்று யாரும் பயப்பட வேண்டாம். அழுதோம், கண் வீங்க அழுதோம். ஆனால் அதே வருஷத்தில், எங்கள் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற ஒரு காரியமும் நடந்தது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பதினெட்டு வயதில் கலியாணமாகி, அந்த வருஷமே கப்பலேறி மலாயாவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டு. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகத் துறைமுகம் வரை போய்த் திரும்புகிற வண்டிகளில் கடைசிப் பெட்டி அவருடையது. அதிர்ந்து பேசாத மனிதர். எதற்கும் அவசரப்பட மாட்டார். கோயிலில் சபை முழுவதும் பாட்டின் இரண்டாவது அடிக்குப் போன பிறகுதான் அவர் முதல் அடியைத் தொடங்குவார். முன்னால் கைகாட்டி விழுந்தால்தான் நகர்வார்போல என்று பின்பெஞ்சுக்காரர்கள் கேலி செய்வார்கள். கோயில் என்று நான் சொல்வது எங்கள் வேதக்கோயிலை. தகரக் கூரையும் மரச் சுவரும் உள்ள சின்னக் கட்டடம். மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது, சிலருக்கு அதில் சந்தோஷமும் உண்டு.

ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். அந்தப் பக்கம் தஞ்சாவூர்க்கார அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் பிரிகிற இடத்தில் வண்டியைத் தடம் மாற்றிவிடுகிறவர். நெற்றி நிறையத் திருநீறும் வாய் நிறையப் பேச்சுமாக இருக்கிற மனுஷி. நாங்கள் அரிசி களைவது அவளுக்குக் கேட்கும். அவள் கடுகு தாளிப்பது எங்களுக்குக் கேட்கும். பின்பக்கம் சாக்கடையைத் தாண்டினால் ஒரு சீனர் சலவைக் கடை. அதை நடத்துகிற சீன அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பாசாரில் பேசுகிற மலாய் கொஞ்சம் தெரியும். என் மகளுக்கு அதுவும் தேவைப்படவில்லை. மர ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கரி போட்ட இஸ்திரிப் பெட்டி துணி மேல் போகிறதைப் பார்த்தபடி மணிக்கணக்காகத் தமிழில் பேசிக்கொண்டிருப்பாள். அந்த அம்மாவும் எல்லாம் புரிந்ததுபோலச் சீனத்தில் பதில் சொல்வாள்.

ஒரு நாள் என் வீட்டுக்காரருக்கு ஓய்வு. "அம்மா வந்த கப்பலைப் பாக்கணும்" என்று மகள் ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவளை ரயிலில் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் போகவில்லை. அலசிப் போட வேண்டிய துணி மலைபோல இருந்தது. சாயங்காலம் அவள் சேறு படிந்த பாவாடையோடு திரும்பி வந்து, அலையாத்திக் காட்டுச் சேற்றில் ஓடிய நண்டுகளைப் பற்றிப் படுக்கிற வரைக்கும் பேசினாள். கை கால் முழுவதும் கொசுக்கடி.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் வந்து பார்த்தார், மலேரியா என்று கொய்னா மருந்து கொடுத்தார். அவள் துப்பினாள். மறுபடி கொடுத்தோம். குளிர் வரும், போகும், வரும். ஐந்தாம் நாள் மத்தியானம், வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, என் மடியில் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு என்ன உடுத்துவது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது சலவைக் கடை அம்மா வந்தாள். மகளுடைய வெள்ளை கவுன் சலவைக்குப் போயிருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். அவள் அதை விளிம்புச் சுருக்கம் ஒன்றொன்றாக எடுத்துத் தேய்த்து, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். கொடுத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் என் பேரில் அன்பு உள்ளவர்கள்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குள் நுழைந்ததும் மனுஷருக்கு ஏதாவது சொல்லியே தீர வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. ஒருவர் சோதனை என்றார். ஒருவர் சித்தம் என்றார். எங்கள் சபையில் பெண்கள் கூட்டத்தை நடத்துகிற அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் தன் தோட்டத்துக்கு ஒரு பூ வேணும்னு பறிச்சுக்கிட்டார்மா" என்றார்.

எனக்குள் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "ஏன், அவர் தோட்டத்துல பூவே இல்லையா? என் வீட்டுத் தொட்டியில ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அதையா பறிக்கணும்?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த அம்மாளின் கை தானாக நழுவியது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா, "அப்படிக் கேளு தங்கச்சி" என்று முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் கோயிலுக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் என்னை வற்புறுத்தவில்லை. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு தனியாகப் போவார், வருவார். வீட்டில் ஜெபம் நின்றுபோயிற்று. மகளின் பெயரை அவரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. சோறு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, வண்டி எத்தனை மணிக்கு, இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

இரண்டு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உபதேசியார் வந்தார். எங்கள் சபையில் பிரசங்கம் செய்கிறவர் அவர்தான். குள்ளமான, உருண்டையான மனிதர். நடந்தால் அவருடைய செருப்பு கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும்; தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும். ஓடி ஒளிய இடமில்லாமல் நான் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் நேராக அங்கேயே வந்து, ஒரு சாமான் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வேதப் புத்தகத்தை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு கத்தியையும் ஒரு பிடி வெங்காயத்தையும் எடுத்தார். தோலோடு பாதி வெங்காயத்தையும் சேர்த்து உரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் இருவருமாக உரித்தோம். கடைசியில் எனக்கே பொறுக்கவில்லை.

"உபதேசியாரே, ஒண்ணு கேக்கிறேன். ஏன்?"

"தெரியாதும்மா" என்றார்.

"நீங்க படிச்சவங்க."

"படிச்சேன். இது மட்டும் அதுல வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமா, வேறா, எனக்குத் தெரியாது. "எனக்கு ரெண்டு பையன் இருந்தாங்க. ஊருல காலரா வந்தப்ப ஒரே வாரத்துல ரெண்டு பேரும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஞாயிறு தவறாம பிரசங்கம் பண்ணினேன். வாய்தான் பேசுச்சு. நான் பேசல."

அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

"அப்புறம் என்ன பண்ணினீங்க?"

"ஒரு நாள் கோயில் கதவைச் சாத்திட்டு உள்ள நின்னு கத்தினேன். ஆண்டவரை வாய்க்கு வந்தபடி கேட்டேன். திருடன் புகுந்துட்டான்னு, மணியடிக்கிற கோயில்குட்டி தடியை எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டான்."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. "பதில் வந்துச்சா?"

"வரல. ஆனா கத்தி முடிச்சப்ப ஒண்ணு தெரிஞ்சுது. இல்லாத ஆள்மேல இவ்வளவு கோபம் வராதும்மா." கத்தியைக் கீழே வைத்தார். "உனக்குக் கேக்கணும்னா அவர்கிட்டயே கேளு. என்கிட்ட கேட்டு என்ன? நான் வெறும் கங்காணி. துரைகிட்டதான் கேக்கணும்."

ஜெபம்கூடப் பண்ணாமல் எழுந்து போனார். அவர் உரித்துப் போட்டதில் குழம்புக்குத் தேறியது பாதிகூட இல்லை.

மறுநாள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது தொடங்கினேன். முதலில் மெதுவாகத்தான். போகப் போகக் குரல் தானாக ஏறியது. மலாயாவில் இத்தனை கொசுவை எதற்குப் படைத்தீர் என்று கேட்டேன். கொய்னாவை ஏன் அவ்வளவு கசப்பாக வைத்தீர் என்று கேட்டேன். குழந்தைகள் விழுங்க வேண்டிய மருந்து என்று உமக்குத் தெரியாதா என்று கேட்டேன். மிளகாய் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு மையாக அரைபட்டதில்லை. முடித்ததும் கை வலித்தது. ஆனால் இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்று பசித்தது.

அது வழக்கமாகிவிட்டது. துணி அலசும்போது, அரிசி புடைக்கும்போது, வீடு பெருக்கும்போது, தினம் ஒரு அரை மணி. இதிலே ஒன்றை நான் கவனிக்கவில்லை. ஆண்டவரை நீர் என்றுதான் கூப்பிடுவோம்; எங்கள் ஊர்ப்பக்கம் கோபம் வந்தால் புருஷனையும் "நீர், வாரும், போம்" என்று பேசுகிற வழக்கம் உண்டு. அடுத்த வீட்டு அக்காவுக்கு அது தெரியும். கார்டு வேலையில் இருக்கிறவர் ஒரு நாள் காலையில் வீட்டில் இருப்பார், ஒரு நாள் இருக்க மாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். பலகைச் சுவர் வழியாக அவள் காதில் விழுந்ததெல்லாம் இப்படி: "எத்தனை நாளா கேக்கேன், ஒரு வார்த்தை பதில் சொல்லுதீரா? கல்லு மாதிரி இருக்கீரே! எம் பிள்ளையைக் காப்பாத்த உமக்குக் கையாலாகலையா?"

மறுபக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்த மனுஷர் அப்படித்தானே, அடித்தால்கூடப் பேசமாட்டாரே என்று அக்கா நினைத்துக்கொண்டாள். தன் புருஷனிடம் சொன்னாள். புருஷன் ரயில் யார்டில் சொன்னார். அதற்குப் பிறகு ரயில்வே தந்தி தோற்றது.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்ஜின் டிரைவர் ஒருவர், கோபக்காரர், யாரோடும் ஒட்டாதவர், திடீரென்று தன் சாப்பாட்டிலிருந்து வறுத்த மீனை எடுத்து இவர் தட்டில் வைத்தாராம். கிள்ளான் ஸ்டேஷனில் ஒருவர் தோளைத் தட்டி, "எல்லாம் சரியாயிடும் அண்ணே, பொம்பளைங்கன்னா அப்படித்தான் லா" என்றாராம். பாயிண்ட்ஸ்மேன் தினமும், "எங்க வீட்டுலயே சாப்பிட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டாராம். மகள் போன துக்கத்தைத்தான் விசாரிக்கிறார்கள் என்று இவர் நினைத்து எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் கோயிலிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, பாயிண்ட்ஸ்மேனும் அந்த இன்ஜின் டிரைவரும் ஒரு சீப்பு பீசாங் பழத்தோடு வந்து நின்றார்கள். பின்னால் அக்கா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. உட்காரச் சொன்னேன். டிரைவர் தொண்டையைக் கனைத்தார்.

"தங்கச்சி, நாங்க வெளி ஆளுங்கதான். இருந்தாலும் சொல்றோம். உனக்கு வந்தது பெரிய கஷ்டம், யாரும் இல்லைன்னு சொல்லல. அதுக்காக இந்த மனுஷனைத் தினம் தினம் இப்படிப் போட்டு வறுத்தெடுத்தா எப்படி? இவரு என்ன பண்ணுவாரு?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"என்னை யாரு திட்டினா?" என்று கேட்டார்.

"நீங்க விட்டுக் குடுக்காம பேசறது உங்க பெருந்தன்மை அண்ணே" என்றார் பாயிண்ட்ஸ்மேன். "எங்க வீட்டுக்காரிதான் தினம் சுவர் வழியாக் கேக்கறாளே. கல்லு மாதிரி இருக்கீரேன்னு நேத்துகூட..."

"நேத்து நான் கிள்ளான்ல இருந்தேனே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காது வரைக்கும் சூடேறியது. மறைக்கவும் வழியில்லை.

"நான் இவரைத் திட்டல" என்றேன். "கடவுளைத் திட்டினேன்."

டிரைவர் பழச் சீப்பை மடியில் வைத்தபடியே இருந்தார். அக்காதான் முந்தானையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க கடவுளையா, உங்க கடவுளையா?"

"எங்க கடவுளைத்தான்கா."

"அப்ப சரி" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நான் எங்க முருகனைத் திட்டாத நாளா? ஆனா உன் அளவுக்கு எனக்கு வராது தங்கச்சி" என்றாள்.

முதலில் சிரித்தவர் யார் என்று இன்றைக்கும் தகராறு உண்டு. அக்கா நான்தான் என்பாள். எனக்கு நினைவிருப்பது அந்தக் கோபக்கார டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்ததுதான். ஐந்து பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பழத்தைத் தின்றுவிட்டுத்தான் போனார்கள்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் வாசல் மரப்படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"திட்டினதுல என் பேரு வந்துச்சா?" என்று கேட்டார்.

"உங்க பேரு எதுக்கு வருது?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான்தானே அவளைக் கப்பல் பாக்கக் கூட்டிட்டுப் போனேன். அந்தச் சேத்துல, அந்தக் கொசுவுல."

இத்தனை மாதமும் இதைச் சுமந்துகொண்டு, அதே பாதையில், அதே துறைமுகத்துக்கு வாரம் நாலு தடவை போய் வந்திருக்கிறார். "நான்தான் அனுப்பினேன்" என்றேன். "துணி துவைக்கணும்னு சொன்னேன்ல? அது பாதிதான் நெசம். ஒரு நாளாவது வீடு சத்தமில்லாம இருக்கட்டும்னு நெனச்சேன். நானே கேட்டு வாங்கின சத்தமில்லாத வீடு இது."

அவர் என் கையைப் பிடித்தார். வாசலில் உட்கார்ந்து கையைப் பிடிக்கிற வழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. தெருவில் போன பால்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று மெல்லச் சொன்னார். "உன்கிட்ட நண்டு கதை மட்டும்தானே சொன்னா?"

"ஆமா."

"கப்பலைப் பாத்ததும் அவளுக்குக் கோபம். சக்கரமே இல்லையே, இது எப்படிப் போகும்னு கேட்டா. அப்பா கொடி காட்டுங்க, போகுதா பாப்போம்னா. கொடி ஏது? கைக்குட்டையை எடுத்து ஆட்டினேன். அந்த நேரம் பாத்து அந்தக் கப்பல் ஊதிச்சு பாரு! ஊதிட்டு அப்படியே நகர ஆரம்பிச்சுது."

"ஐயோ!"

"அப்பாதான் கப்பலை அனுப்பினாருன்னு நம்பிட்டா. எனக்குப் பயம் வந்துடுச்சு. ரயில் கார்டு கப்பலை அனுப்பக் கூடாது, துரைக்குத் தெரிஞ்சா வேலை போயிடும், யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். அம்மாகிட்டயுமான்னு கேட்டா. அம்மாகிட்டயும்னேன்."

வாயை மூடத் தெரியாத என் பிள்ளை, அப்பாவின் வேலையைக் காப்பாற்ற அந்த ஒன்றை மட்டும் வாயைத் திறக்காமல் கொண்டுபோயிருக்கிறாள். நான் சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறியது. அவரும் அழுதார், அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அன்று அக்காவை நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குத் திட்டும்போது என் பங்குக்கும் ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லிடு" என்றார். "எனக்கு உன் மாதிரி வராது."

அன்று சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, ரெண்டு பேரும் உம்மேல கோபமா இருக்கோம். சாப்பாட்டுக்கு நன்றி. ஆமென்." அதைவிட உண்மையான ஜெபம் எங்கள் வீட்டில் அதற்கு முன் நடந்ததில்லை. நானும் ஆமென் சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்லி எவ்வளவு நாளாகியிருந்தது!

அதற்குப் பிறகும் திட்டத்தான் செய்தேன். ஆனால் சில நாள் திட்டின் நடுவே, அவளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும், கீரை என்றால் சாக்குப்போக்குச் சொல்வாள், விடாதேயும் என்று சொல்லிக்கொண்டிருப்பதை நானே கவனித்தேன். யாரிடம் பிள்ளையை ஒப்படைத்திருக்கிறோமோ அவரிடம் எவ்வளவு நாள் முகம் கொடுக்காமல் இருப்பது?

கிறிஸ்மஸ் வந்தது. ஒவ்வொரு வருஷமும் பலகாரம் செய்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கொடுப்பது என் வழக்கம். அந்த வருஷம் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைக்க மனம் வரவில்லை. துக்க வீட்டில் பலகாரம் சுடக் கூடாது என்று அக்காவும் சொன்னாள். ஆனால் பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் அவளே ஒரு பெரிய டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முறுக்கு, அதிரசம், தீபாவளிக்குச் செய்கிற எல்லாம். "நீதான் சுடக் கூடாது. நான் சுடலாம். உங்க சாமிக்கு அதிரசம் பிடிக்குமான்னு தெரியல, நீயே கேட்டுக்கோ" என்றாள்.

அவள் போன கையோடு சலவைக் கடை அம்மா வந்தாள். கையில் உயிரோடு ஒரு வாத்து, கால்கள் கட்டப்பட்டு. "ஹாரி புசார். மாக்கான்" என்று என்னிடம் நீட்டினாள். உங்களுக்குப் பெரிய நாள், சாப்பிடுங்கள் என்கிறாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு, "ஹாத்தி சாகிட்" என்றாள், மனசு நோகிறது என்று. பிறகு மூன்று விரலை நீட்டி, கையைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் காட்டினாள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறாள். அந்த உயரத்தில். எந்த ஊரில், எப்போது என்று கேட்க என்னிடம் மலாய் போதவில்லை. அவளை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து அதிரசம் கொடுத்தேன். இருவருமாகத் தின்றோம். அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கிறிஸ்மஸ் காலையில் நானும் கோயிலுக்கு வருகிறேன் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் கோட்டை இரண்டு தடவை தட்டித் துடைத்தார். கிளம்புகிற நேரத்தில் வாத்து கட்டை அவிழ்த்துக்கொண்டு சாக்கடைக்குள் குதித்தது. அவர் வெள்ளைக் கோட்டோடு பின்னால் குதித்தார். நான் பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கரையில் ஓடினேன். அக்கா தன் வாசலில் நின்று, "இந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" என்று கை காட்டினாள். மதகு வரைக்கும் போய்ப் பிடித்தோம். கோட்டு இடுப்பு வரைக்கும் சேறு. மாற்றுக் கோட்டு இல்லை. அப்படியே போனோம்.

நாங்கள் உள்ளே நுழையும்போது சபை எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தது. கடைசிப் பெஞ்சில் ஒதுங்கினோம். உபதேசியார் முன்னாலிருந்து எங்களைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். பாட்டுப் புத்தகத்தை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. என் பக்கத்தில் என் வீட்டுக்காரர், எல்லாரும் இரண்டாவது அடிக்குப் போன பிறகு, நிதானமாக முதல் அடியைத் தொடங்கினார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் நானும் அவரோடு முதல் அடியைப் பாடினேன். பூ என்று சொன்ன அந்த அம்மாள் ஆராதனை முடிந்ததும் வந்தார். நான் பேசுவதற்குள், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு வேற எதுவும் சொல்லத் தெரியலம்மா" என்றார். அவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து முறுக்கு கொடுத்தோம். வாத்தை வெட்ட யாருக்கும் கை வரவில்லை. அது ஆறு வருஷம் எங்கள் வீட்டில் முட்டையிட்டது.

அடுத்த வருஷம் கிள்ளானில் ரயில்வேக்காரர் ஒருவருடைய மனைவிக்குக் கைக்குழந்தை தவறிப்போயிற்று. சின்னப் பெண், எங்கள் சபையைச் சேர்ந்தவள். உபதேசியார் என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போனேன். அவள் துணிகளை அலசிக் காயப்போட்டேன், சோறு வடித்தேன். மூன்றாவது தடவை போனபோதுதான் அவள் வாயைத் திறந்தாள். "அக்கா, நான் ஆண்டவர்மேல கோபப்பட்டா பாவமா?" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றேன். "ஆனா மெதுவாத் திட்டு. சத்தமாத் திட்டினா புருஷனைன்னு நெனச்சு ஊரே பழத்தோட வந்துடும்."

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டுப் பயந்துபோய், "சிரிக்கலாமாக்கா?" என்று கேட்டாள். சிரிக்கலாம் என்றேன். அதற்கு எந்த உபதேசியாரையும் கேட்கத் தேவையில்லை.

எங்களுக்கு இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பெண் பிறந்தாள். மூத்தவளே திரும்பி வந்துவிட்டாள் என்று அக்கா அடித்துச் சொன்னாள். இல்லை என்று எனக்கு முதல் மாதத்திலேயே தெரியும். இவள் வேறு ஆள். பேச மாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள், யோசித்து ஒரு கேள்வி கேட்பாள்.

இவளுக்கு ஐந்து வயது நிறைந்த அன்று புதுக் கவுன் போட்டுத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "அம்மா, அக்கா போனப்ப நாலு வயசுதானே?" என்றாள்.

"ஆமா."

"அப்ப இனிமே நான்தான் பெரியவளா? இல்ல அக்கா அங்கயும் வளருவாளா?"

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"ஆண்டவரைத்தான் கேக்கணும்" என்றேன்.

"கேட்டேன். ஒண்ணும் சொல்லல."

"அப்ப என்ன பண்ணப் போறே?"

"நாளைக்கும் கேப்பேன்" என்றாள். பின்னல் முடிந்ததும் குதித்து இறங்கி, புதுக் கவுனைக் காட்ட அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.